உணவாற்றலும் உடல் வெப்பச் சீராக்கமும்

உணவாற்றல் பயன்பாடு, உடல் வெப்பச் சீராக்கம் ஆகியன மனித உடலில் ஒன்றோடொன்று பிணைந்து நிகழும் இரு செயற்பாடுகள் ஆகும். உண்ட உணவிலிருந்து உடல் ஆற்றலைப் பெறுகிறது. அவ்வாற்றலின் பெரும்பகுதி இறுதியில் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றி, உள்ளுடல் வெப்பநிலையை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் அளவில் வைத்திருப்பதே வெப்பச் சீராக்கம் எனப்படுகிறது. பாடநூல்களில் செரிமானம் ஒரு பாடமாகவும் வியர்வை வேறொரு பாடமாகவும் கற்பிக்கப்பட்டாலும், உடலைப் பொறுத்தவரை இவை ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும். இக்கட்டுரை அக்கணக்கைத் திருவண்ணாமலையில் நடைபெறும் கிரிவலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில், ஐம்பூதத் தலங்களுள் தீயின் தலமாகக் கருதப்படுகிறது. அண்ணாமலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் நீளமான பாதையில், முழுநிலவு நாட்களில் இலட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். சித்திரை முழுநிலவும் கார்த்திகைத் தீபமும் பெருங்கூட்டம் கூடும் நாட்கள். முன்னது கோடையின் உச்சத்தை ஒட்டியும், பின்னது மழைக்கால முடிவின் குளிரிலும் வருகின்றன. ஆகவே மனித உடல் வெப்பத்தையும் குளிரையும் எதிர்கொள்ளும் விதத்தை அறிய இவ்வூர் பொருத்தமான இடமாகும்.

எரிதலும் செரித்தலும்

கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் உள்ள கொப்பரையில் நெய்யும் காடாத்துணித் திரியும் இட்டு ஏற்றப்படும் மகாதீபம் 11 நாட்கள் எரிகிறது. இதற்குப் பயன்படும் நெய்யின் அளவு பொதுவாக 3,500 கிலோ எனச் சொல்லப்படுகிறது. ஒரு கிராம் நெய் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 9 கிலோகலோரி ஆற்றல் வெளிப்படும். ஆகவே கொப்பரையில் எரியும் நெய்யின் மொத்த ஆற்றல் சுமார் 3 கோடியே 15 இலட்சம் கிலோகலோரி ஆகும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி தேவையெனக் கொண்டால், இது 15,000 பேரின் ஒரு நாள் உணவுக்கு ஈடானது.

இந்த ஒப்பீடு வெறும் உவமை அன்று. ஒரு கிராம் நெய்யைக் கொப்பரையில் எரித்தாலும் உடலினுள் செரித்தாலும் கிடைக்கும் ஆற்றல் ஒன்றே. இரண்டிலும் ஆக்சிஜன் செலவாகிறது. கரியமில வாயுவும் நீரும் எஞ்சுகின்றன. பிரான்சு நாட்டின் அந்துவான் இலவோசியரும் பியர் இலப்பிலாசும் 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் உருகிய பனிக்கட்டியின் அளவைக் கண்டனர். கரி எரிவதோடு அதை ஒப்பிட்டு, மூச்சுவிடுதல் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தனர். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1894இல் செருமானிய அறிஞர் மாக்சு உரூப்னர் நாய்களைக் கொண்டு செய்த அளவீடுகளில், உணவின் எரியாற்றலும் உடல் வெளியிடும் வெப்பமும் ஏறத்தாழ முற்றிலும் ஒத்துப்போயின.

வேறுபாடு எரியும் முறையில் உள்ளது. கொப்பரையில் நெய் பல நூறு பாகை வெப்பத்தில் ஒரே கட்டமாக எரிகிறது. உயிரணுக்களிலோ நொதிகளின் துணையால், பல சிறு படிகளில், 37 பாகையிலேயே ஆற்றல் பிரித்தெடுக்கப்படுகிறது. உயிரணுவில் உள்ள இழைமணிகளில் இவ்வேலை நடைபெறுகிறது. கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஏடிபி என்னும் மூலக்கூறில் சேர்கிறது. எஞ்சியது அங்கேயே வெப்பமாகிவிடுகிறது. உடலில் ஒரு நேரத்தில் இருக்கும் ஏடிபியின் அளவு 100 கிராமுக்கும் குறைவு. ஆனால் அது இடைவிடாது உடைந்து மீண்டும் உருவாவதால், நாள் முழுவதும் புழங்கும் ஏடிபியைக் கூட்டினால் ஓர் ஆளின் எடைக்கு நெருங்கிவரும்.

உணவு எரிபொருளாதல்

திருவண்ணாமலை வட்டாரத்து உழவர்களின் காலை உணவு நெடுங்காலமாகக் கூழ் ஆகும். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியுடன் சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் மோரும் உப்பும் இட்டுக் கரைத்துக் குடிப்பது வழக்கம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 320 கிலோகலோரி ஆற்றல் உண்டு. அதில் பெரும்பங்கு மாவுச்சத்து. இம்மாவட்டத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கப்படும் நிலக்கடலை இதற்கு நேர்மாறானது. அதன் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு என்பதால், அதே 100 கிராமில் 500 கிலோகலோரிக்கு மேல் கிடைக்கிறது.

மாவுச்சத்து சிறுகுடலில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள்ளும் கொழுப்புத் திசுக்களுக்குள்ளும் செலுத்துவதோடு, கல்லீரல் அதனைச் சேமிக்கவும் தூண்டுகிறது. உடனடியாகத் தேவைப்படாத குளுக்கோஸ் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் இருக்கும். அதற்கும் மேற்பட்டது கொழுப்பாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் 12 கிலோ கொழுப்பு இருப்பதாகக் கொண்டால், அது ஓர் இலட்சம் கிலோகலோரிக்கும் மேற்பட்ட இருப்பு. கிளைக்கோஜன் இருப்போ 2,000 கிலோகலோரி அளவே.

மெதுவாக நடப்பவருக்கு எரிபொருளின் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து வருகிறது. வேகம் கூடக்கூடக் குளுக்கோஸின் பங்கு உயர்கிறது. முழுநிலவு நாளில் உண்ணா நோன்பிருந்து கிரிவலம் வருவோர் பலர். உடல்நலமுள்ள ஒருவருக்கு இதனால் பெரிய இடர் இல்லை. கல்லீரல் தன் கிளைக்கோஜனைக் கரைத்தும், பின்னர் புரதத்தின் கூறுகளிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்தும் இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கிறது. நீரிழிவுக்காக இன்சுலினோ இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவரின் நிலை வேறு. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, உணவு வராமலும் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொண்டும் இருப்பதால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம். நடுக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். நடந்த களைப்பு எனத் தவறாகக் கருதப்படுவதே இதில் உள்ள பெரிய சிக்கல்.

கிரிவலத்தின் ஆற்றல் கணக்கு

60 கிலோ எடையுள்ள ஒருவர் சும்மா அமர்ந்திருக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவழிக்கிறார். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது இது மூன்று மடங்காகி 180 கிலோகலோரி ஆகிறது. இவ்வேகத்தில் 14 கிலோமீட்டரைக் கடக்க மூன்றரை மணி நேரம் பிடிக்கும். மொத்தச் செலவு 630 கிலோகலோரி. அமர்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால், நடைக்கென்று கூடுதலாகச் செலவானது 420 கிலோகலோரி மட்டுமே. இது 50 கிராம் கொழுப்புக்கும் குறைவானது. நடை முடிந்தபின் எடைக்கருவி ஒரு கிலோ குறைத்துக் காட்டினால், குறைந்தது பெரும்பாலும் நீரே ஆகும். வழியில் வழங்கப்படும் அன்னதானத்தில் இரண்டு தொன்னை நெய்ப்பொங்கல் உண்டால் ஆற்றல் கணக்கு கிட்டத்தட்ட நேராகிவிடும்.

இந்த ஆற்றல் எங்கே போகிறது என்பதே முக்கியமான கேள்வி. மலையேறும் ஒருவர் தம் உடலை உயர்த்துவதில் ஓரளவு ஆற்றலைச் செலவிடுகிறார். 60 கிலோ எடையை 600 மீட்டர் உயர்த்தத் தேவையான வேலை 84 கிலோகலோரி. ஆனால் தசைகள் தாம் பெறும் ஆற்றலில் கால் பங்கையே வேலையாக மாற்றவல்லன என்பதால், உடல் இதற்குச் சுமார் 340 கிலோகலோரி செலவழிக்கிறது. மீதி 250 கிலோகலோரிக்கு மேற்பட்டது வெப்பமாகிறது. இறங்கும்போது அந்த 84உம் தசைகளிலும் மூட்டுகளிலும் பாதங்களிலும் வெப்பமாகவே கரைகிறது. சமதளமான கிரிவலப் பாதையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதால், நடையின் முடிவில் வேலையாக எதுவும் மிஞ்சுவதில்லை. ஏறத்தாழ 630 கிலோகலோரியும் வெப்பமாகிறது.

வெளியேறாத வெப்பம்

மனித உடலின் ஒவ்வொரு கிலோவையும் ஒரு பாகை சூடாக்க 0.83 கிலோகலோரி தேவை. 60 கிலோ உடலுக்கு இது 50 கிலோகலோரி. நடப்பவரின் உடலில் மணிக்கு 180 கிலோகலோரி வெப்பம் உண்டாகிறது. இதில் சிறிதும் வெளியேறாவிட்டால் உடல் வெப்பநிலை ஒரு மணி நேரத்தில் மூன்றரைப் பாகைக்கு மேல் உயர்ந்து 40 பாகையைத் தாண்டிவிடும். அமர்ந்திருப்பவருக்குக்கூட மணிக்கு ஒரு பாகைக்கு மேல் உயரும். வெப்பத்தை வெளியேற்றுவது உடலுக்கு வசதியன்று. மூச்சுவிடுவதைப் போல இடைவிடாத தேவையாகும்.

இதனைக் கட்டுப்படுத்தும் மையம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஆகும். தோலிலிருந்தும் உள்ளுறுப்புகளிலிருந்தும் வரும் செய்திகளையும், தன்னைக் கடந்து செல்லும் இரத்தத்தின் வெப்பநிலையையும் அது ஒப்பிடுகிறது. வெப்பம் மிகும்போது முதலில் தோலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளே சூடான இரத்தம் தோலுக்கு வந்து ஆறித் திரும்புகிறது. நடப்பவரின் முகம் சிவப்பதும், புறங்கை நரம்புகள் புடைத்துத் தெரிவதும் இதனால்தான். இந்தக் கூடுதல் ஓட்டத்துக்காக இதயம் அதிகமாக உழைக்க வேண்டியுள்ளது. வெயிலில் முதியோரும் இதய நோயாளரும் முதலில் தளர்வதற்கு இதுவே காரணம்.

தோலின் வெப்பநிலை பொதுவாக 33 முதல் 35 பாகை வரை இருக்கும். காற்றும் சுற்றுப்புறமும் இதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, கதிர்வீச்சாலும் காற்றோட்டத்தாலும் வெப்பம் தானே வெளியேறும். இரவுக் கிரிவலத்தின் உடலியல் நன்மை இதில் அடங்கியுள்ளது. சூரியக் கதிர் இல்லை. காற்று தோலைவிடக் குளிர்ச்சி. ஆகவே உடலின் சுமையில் ஒரு பகுதி வியர்வையின்றியே இறங்குகிறது. மே மாதப் பகலிலோ இவ்வட்டாரத்தில் காற்று 40 பாகையைத் தொடும் நாட்கள் உண்டு. அப்போது வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. பாறையும் தார்ச்சாலையும் கதிர்வீச்சால் மேலும் சூடேற்றுகின்றன. அந்நிலையில் உடலுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை.

வியர்வையும் ஈரப்பதமும்

மனிதத் தோலில் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுசெல்கிறது. கிரிவலத்தில் உண்டாகும் 630 கிலோகலோரி முழுவதையும் வியர்வையாலேயே நீக்கவேண்டுமாயின் ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஆவியாக வேண்டும். உண்மையில் சுரப்பது இதைவிட அதிகம். ஏனெனில் ஆவியாகும் வியர்வை மட்டுமே குளிர்விக்கும். சொட்டி விழுவதும் துடைத்தெறியப்படுவதும் வீண்.

கடலோரச் சென்னையில் வியர்வை சட்டையை நனைத்துக் கண்ணுக்குத் தெரிகிறது. உள்நாட்டில் உள்ள திருவண்ணாமலையின் கோடைப் பகலில் காற்று வறண்டிருப்பதால் வியர்வை சுரந்தவுடனே உலர்ந்துவிடுகிறது. குளிர்விப்பதற்கு இது நல்லதே. ஆனால் இழந்த நீரின் அளவை உணர முடியாமல் போவதால், வியர்க்கவே இல்லை என எண்ணி நீர் அருந்தாமல் இருப்போர் உண்டு.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கிறது. இது 35 பாகையை எட்டினால், நிழலில் நீர் அருந்தி ஓய்வாக இருப்பவராலும் நெடுநேரம் தாங்கமுடியாது என்பது 2010இல் வெளியான கோட்பாட்டு மதிப்பீடு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடல்நலமுள்ள இளைஞரைக் கொண்டு செய்யப்பட்டு 2022இல் வெளியான சோதனைகள், ஈரப்பதம் மிகுந்த சூழலில் இவ்வெல்லை 31 பாகையை ஒட்டியே இருப்பதைக் காட்டின. முதியோருக்கு எல்லை இதனினும் தாழ்ந்தது.

வெயிலில் தொடர்ந்து உழைப்பவரின் உடல் ஓரிரு வாரங்களில் பழகிக்கொள்கிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, அளவு கூடுகிறது, அதிலுள்ள உப்பின் செறிவு குறைகிறது. குளிரூட்டிய அறையில் பணிபுரிந்துவிட்டு ஒரே நாளில் நெடுந்தொலைவு நடக்க வருபவருக்கு இந்தப் பழக்கம் இல்லை.

நீரும் உப்பும்

வியர்வையுடன் சோடியமும் வெளியேறுகிறது. பல மணி நேரம் வியர்த்தபின் வெறும் நீரை மிக அதிகமாக அருந்தினால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல், குழப்பம் முதலியன தோன்றலாம். சிறுகுடல் குளுக்கோஸையும் சோடியத்தையும் ஒருசேர உறிஞ்சும். அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்லும். 1971இல் வங்காளதேசப் போரின்போது அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிசு உப்பு-சர்க்கரைக் கரைசலால் வாந்திபேதி நோயாளர் பலரைக் காப்பாற்றியது இவ்வடிப்படையிலேயே. இவ்வகையில் நோக்கினால் உப்பிட்ட நீர்மோர், மோர்க்கூழ் ஆகியவை வெயிலுக்கு ஏற்ற உணவுகளாகும். தாகம், நீர், உப்பு, மாவுச்சத்து நான்கையும் அவை ஒருசேரக் கவனிக்கின்றன. பானகத்தில் வெல்லம் உண்டு. சிட்டிகை உப்பும் சேர்ந்தால் நிறைவாகும். சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உடையோருக்கு நீர், உப்பு அளவுகள் மருத்துவர் கூறியபடியே அமைய வேண்டும்.

உணவின் சூடும் குளிர்ச்சியும்

தமிழ் மருத்துவ மரபில் உணவுகள் சூடு, குளிர்ச்சி எனப் பிரிக்கப்படுகின்றன. இச்சொற்கள் வெப்பமானி காட்டும் அளவைக் குறிப்பன அல்ல. உடலில் உண்டாகும் விளைவுகளின் தொகுப்பைக் குறிக்கும் மரபுச் சொற்கள். எனினும் உணவு உடல் வெப்பத்தைச் சற்றே கூட்டுகிறது என்பது அளந்தறியப்பட்ட உண்மை. புரதத்தைச் செரிக்க அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடும், கொழுப்புக்கு 3 விழுக்காடு வரையும் செலவாகி வெப்பமாகிறது. நண்பகலில் புலாலுணவு வயிறார உண்டபின் புழுக்கம் கூடுவதாகத் தோன்றுவதற்கு இதில் ஓரளவு காரணம் உண்டு.

மிளகாயின் காரம் வேறு வகையானது. அதிலுள்ள காப்சைசின், உண்மையான சூட்டை உணரும் அதே நரம்பு வாயிலைத் திறப்பதால், மூளை வாய் சுடுவதாகக் கருதி வியர்வையைத் தூண்டுகிறது. இந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் சூலியசு 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

குளிரில்

கார்த்திகை இரவில் மழையில் நனைந்தபடி நடப்பவருக்குச் சிக்கல் தலைகீழாகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அது போதாதபோது தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. கைக்குழந்தைகளால் நன்கு நடுங்க இயலாது. அவர்களின் தோள்பட்டைகளுக்கிடையே உள்ள பழுப்புக் கொழுப்பு, ஏடிபி உருவாக்காமல் ஆற்றலை நேரடியாக வெப்பமாக்குகிறது. ஈர ஆடை வெப்பத்தை விரைந்து உறிஞ்சுவதால் குழந்தையை உலர்ந்த துணிக்கு மாற்றுவதே முதல் தேவை.

சீராக்கம் தோற்கும்போது

வெப்பத்தளர்ச்சியில் கடும் வியர்வை, தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை தோன்றும். ஆனால் நினைவு தெளிவாக இருக்கும். உள்ளுடல் வெப்பநிலை 40 பாகையை ஒட்டியோ கடந்தோ சென்று, குழப்பம், பிதற்றல், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை ஏற்பட்டால் அது வெப்பவாதம் எனப்படும். தோல் உலர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. உழைக்கும்போது தாக்கப்படுபவர் வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். காய்ச்சலும் இதுவும் வேறு. காய்ச்சலில் ஹைப்போதலாமஸ் தன் இலக்கையே உயர்த்திக்கொள்கிறது. பாராசிட்டமால் அந்த இலக்கைத் தாழ்த்துகிறது. வெப்பவாதத்தில் இலக்கு மாறவில்லை. வெப்பம் வெளியேற வழியில்லாமல் போயிருக்கிறது. எனவே மாத்திரை பயன் தராது.

ஆண்டுக்குச் சில இரவுகள் நடக்கும் அடியாரைவிட, இதே மாவட்டத்தின் வயல்களில் நாள்தோறும் பகலில் குனிந்து உழைப்பவரே பெரிய இடரில் உள்ளனர். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் தொடங்கி, தமிழ்நாட்டின் 800 கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் வயல், செங்கற்சூளை, உப்பளம் போன்ற வெப்பம் மிகுந்த இடங்களில் வேலை செய்தவர்கள். அவ்வாறு வேலை செய்தோருக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் நிகழும் வாய்ப்பு இருமடங்காக இருந்தது. கருவுற்ற உடல் கூடுதல் வெப்பத்தை உண்டாக்குகிறது. கருவின் வெப்பமும் தாயின் வழியாகவே வெளியேற வேண்டும். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் நீர் அருந்துவதைத் தவிர்க்கும் பெண்களின் நிலை, உடலியலோடு மட்டும் தீர்க்கக்கூடியது அன்று. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இதன்படி வெப்ப அலையால் இறந்தோரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

வெப்பவாதத்தால் தாக்கப்பட்டவரின் உடலைக் குளிர்விப்பது மருத்துவமனையில் தொடங்கவேண்டிய வேலை அன்று. விழுந்த இடத்திலேயே தொடங்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் உள்ளுடல் வெப்பநிலையைத் தணிப்பது உயிர்பிழைக்கும் வாய்ப்பைப் பெரிதும் உயர்த்துகிறது. நிழலுக்குக் கொண்டுசென்று, மேலாடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி இடைவிடாது விசிற வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். தண்ணீர்த் தொட்டி அருகில் இருந்தால், தலை மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு உடலை அமிழ்த்துவது இன்னும் விரைவான முறை. நினைவு தெளியாதவரின் வாயில் நீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். 108 அவசர ஊர்தியை அழைத்தபின் அது வரும்வரையிலும், வந்தபின் வழியிலும் நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தலாகாது.